நேரத்துக்கு ஒரு சுங்கக் கட்டணம்

வேப்பூர் ஆட்டுச் சந்தையில் தீபாவளி நெருங்க நெருங்க விலை ஏறும், யாரும் திகைப்பதில்லை. ஊரைக் கடந்து செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்கு அந்தக் கணக்கே கிடையாது. வடக்கே செங்குறிச்சிச் சுங்கச்சாவடியையும் தெற்கே திருமாந்துறைச் சுங்கச்சாவடியையும் நள்ளிரவில் கடந்தாலும், பண்டிகைக்கு முந்தைய மாலையில் கடந்தாலும் காருக்கு ஒரே கட்டணம்தான். 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகள் வண்டியின் வகையையும் சாலையின் நீளத்தையும் பார்க்கின்றன; நெரிசலைப் பார்ப்பதில்லை. நேரம் பார்த்து வசூலிக்கக் கருவியோ தயாராக இருக்கிறது. 2021 பிப்ரவரியில் கட்டாயமான ஃபாஸ்டேக் வில்லைக்குள் பேட்டரி கிடையாது. சாவடியின் மேலிருக்கும் ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி பெற்று, தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. எந்த வண்டி, எந்த நிமிடம் கடந்தது என்பது அப்போதே பதிவாகிவிடுகிறது.

நேரத்துக்கேற்ற கட்டணம் ஏன் பலிக்கிறது என்றால், நெரிசல் படிப்படியாக வளர்வதில்லை. ஒரு தடம் மணிக்குச் சுமார் 2,000 கார்களைத் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டினால் வேகம் சரிந்து, கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். எல்லோரையும் விரட்ட வேண்டியதில்லை; பத்தில் ஒருவர் நேரத்தை மாற்றிக்கொண்டாலே சாலை மூச்சு விடும். சிங்கப்பூர் 1998 முதல் மின்னணு முறையில் நேரத்துக்கேற்ற கட்டணம் வசூலிக்கிறது. விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வேகமே இலக்கு. வேகம் குறைந்தால் கட்டணம் ஏறும், கூடினால் இறங்கும். கொரோனாக் காலத்தில் சாலை வெறிச்சோடியபோது, 2020 ஏப்ரலில் கட்டணமே நிறுத்தப்பட்டது. நோக்கம் வசூல் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பணக்காரருக்கு மட்டும் வழிவிடும் ஏற்பாடு இது என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் உச்ச நேரக் கட்டணத்தை உயர்த்துவதைவிட இரவுக் கட்டணத்தைக் குறைப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். நாற்பது பேரை ஏற்றிவரும் பேருந்தை உயர்வு தொடவே கூடாது. விடுமுறை எல்லோருக்கும் ஒரே நாளில்தானே தொடங்குகிறது என்பது அடுத்த கேள்வி. நாளை மாற்ற முடியாதவர்களிலும் சிலரால் நான்கு மணி நேரம் முன்பின்னாகக் கிளம்ப முடியும். சரக்கு லாரிகளுக்கு அது இன்னும் எளிது. அடுத்த சிக்கல் ஆண்டு பாஸ். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான அந்தப் பாஸ் வைத்திருக்கும் கார்களுக்கு 200 பயணங்கள் உண்டு. எந்த நேரத்தில் கடந்தாலும் ஒரு பயணம் கழிகிறது. நள்ளிரவில் கடப்பவருக்கு அரைப் பயணம் மட்டும் கழித்தால், பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் நேரம் பார்த்துக் கிளம்ப ஒரு காரணம் கிடைக்கும்.