கடுகளவு சில்லும் இரண்டு வல்லரசுகளும்

நமது வியாபாரத்தில் கடுகு பெரிய சரக்கு அல்ல. மூட்டைக் கணக்கில் பார்த்தால் அரிசி, பருப்பு, சர்க்கரைக்கு வெகு பின்னால்தான் நிற்கும். ஆனால் கடுகு இல்லை என்று சொல்லிப் பாருங்கள். சீட்டோடு வந்த வாடிக்கையாளர் மற்ற சாமான்களையும் சேர்த்து அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் உலகத்துக் கார் கம்பெனிகளுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான்.

நெக்ஸ்பீரியா என்றொரு கம்பெனி. தலைமையகம் நெதர்லாந்து நாட்டில். பழைய பிலிப்ஸ் கம்பெனியின் வழியில் வந்தது. டையோடு, டிரான்சிஸ்டர் போன்ற சாதாரணச் சில்லுகளை ஆண்டுக்கு 10,000 கோடிக்கு மேல் செய்து விற்கிறது. பல சில்லுகளின் விலை சில சென்ட்தான். கார் விளக்கு எரியவும், கண்ணாடி ஏறி இறங்கவும் இவை வேண்டும். விங்டெக் என்ற சீனக் கம்பெனி 2019-ல் இதைத் தன் வசமாக்கியது. சில்லுத் தகடுகளை ஜெர்மனியின் ஹாம்பர்க் போன்ற இடங்களில் செய்வார்கள். அதை வெட்டி, கால் வைத்து, அடைத்துக் கொடுக்கும் வேலையில் பெரும்பகுதி சீனாவின் டொங்குவான் நகரில் நடக்கும். வியாபாரக் கணக்கில் குற்றம் சொல்ல முடியாத ஏற்பாடு. நாமும் மிளகாயை ஓர் ஊரில் பிடித்து, வேறோர் ஊரில் அரைத்து, மூன்றாவது ஊரில் பாக்கெட் போடுகிறோம் அல்லவா?

சண்டை வேறிடத்தில் தொடங்கியது. உயர்ந்த ரகச் சில்லுகளும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் சீன ராணுவத்தின் கைக்குப் போகக் கூடாது என்று 2022 அக்டோபர் 7-ல் அமெரிக்கா கடுமையான கட்டுப்பாடு விதித்தது. 2024 டிசம்பரில் விங்டெக்கும் அமெரிக்காவின் கறுப்புப் பட்டியலில் ஏறியது. 2025 செப்டம்பர் 29-ல், பட்டியலில் உள்ளவர்கள் பாதிப் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளுக்கும் அதே தடை என்று விதியை நீட்டினார்கள். மறுநாள் டச்சு அரசு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, தன் சம்மதமில்லாமல் நெக்ஸ்பீரியாவின் சொத்தையோ தொழில்நுட்பத்தையோ நகர்த்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் சீனத் தலைமை அதிகாரியைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தது. அக்டோபர் 4-ல் சீனாவின் பதில் வந்தது: டொங்குவான் சரக்கு நாட்டை விட்டு வெளியேறக் கூடாது.

பிறகு நடந்தது அப்பட்டமான பங்காளிச் சண்டை. தலைமையகம் சொல்வதைக் கேட்க மாட்டோம் என்றது சீனக் கிளை. உள்நாட்டு விற்பனைக்கு யுவானில்தான் பில் என்றது. ஒப்புக்கொண்டபடி பணம் வரவில்லை என்று தகடு அனுப்புவதை நிறுத்தியது தலைமையகம். நடுவில் மாட்டிக்கொண்டவர் இருவரிடமும் வாங்கும் வாடிக்கையாளர். ஹோண்டா மெக்சிகோ ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஐரோப்பியக் கார் கம்பெனிகள் இருப்பை எண்ணத் தொடங்கின. வேறு கம்பெனிச் சில்லு வாங்கினால் என்ன என்று நமக்குத் தோன்றும். காரில் போடும் சில்லைச் சோதித்து ஒப்புக்கொள்ளப் பல மாதம் ஆகும். துவரம்பருப்பு மார்க்கை மாற்றினாலே ஓட்டல்காரர் முகம் சுளிப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

உயர்ந்த ரகச் சில்லு விஷயம் இன்னும் ஆபத்தானது. அதன் பெரிய மில் தைவானில் இருக்கிறது. மில் என்று வேண்டுமென்றே சொல்கிறோம். 1987-ல் மாரிஸ் சாங் என்பவர் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. கம்பெனி, கூலிக்கு நெல் அரைக்கும் மில்லைப் போன்றது. சொந்தப் பெயரில் சில்லு விற்காது; பிறர் வரைந்து கொடுப்பதைச் செய்து கொடுக்கும். வாடிக்கையாளருக்குப் போட்டியாக வராததால் எல்லாரும் நம்பி வந்தார்கள். அந்தத் தைவானையே தன் பகுதி என்கிறது சீனா. இடையில் உள்ள கடல் குறுகிய இடத்தில் 130 கிலோமீட்டர்தான்.

அங்கே முதலில் அடிபட்டது சில்லு அல்ல, பழ வியாபாரம். 2021 மார்ச்சு முதல் தைவான் அன்னாசியைச் சீனா தடுத்தது. பூச்சி இருக்கிறது என்பது காரணம். ஏற்றுமதியான அன்னாசியில் 90 சதவீதத்துக்கு மேல் அதுவரை சீனாவுக்கே போய்க்கொண்டிருந்தது. உள்ளூர் மக்களும் ஜப்பான்காரரும் வாங்கி அந்த ஆண்டு கைகொடுத்தார்கள். அதே செப்டம்பரில் சீத்தாப்பழத்துக்கும் தடை வந்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கச் சபாநாயகர் நான்சி பெலோசி தைபே சென்றபோது ஆரஞ்சு வகைப் பழங்களும் சில மீன்களும் தடைப்பட்டன; தீவைச் சுற்றிப் போர்ப் பயிற்சி நடந்து, கப்பல்களும் விமானங்களும் வழி மாறிப் போயின. சில்லை மட்டும் சீனா தொடவில்லை. அது தனக்கே வேண்டிய சரக்கு. தடை போடுகிறவரும் தன் கல்லாவைப் பார்த்துத்தான் போடுகிறார்!

நமது கடையில் நடந்ததையும் சொல்கிறோம். 2021-ல் எலெக்ட்ரானிக் தராசின் போர்டு போய்விட்டது. ‘ஐ.சி. கிடைக்கலீங்கண்ணாச்சி’ என்று மெக்கானிக் ஏழு வாரம் இழுத்தார். அப்போது வந்தது கொரோனாக் காலத் தட்டுப்பாடு. வல்லரசுச் சண்டையால் வந்ததல்ல. முத்திரையிட்ட பழைய தட்டுத் தராசை இறக்கிச் சமாளித்தோம். சாயங்கால நேரத்தில் கடையில் கூட்டம் தேங்கியது. சிலர் காத்திருக்காமல் போனார்கள். போனவர்களில் இரண்டு சில்லறைக் கடைக்காரர்கள் திரும்பி வரவே இல்லை.

2025 நவம்பரில் அமெரிக்கா அந்தப் பாதிப் பங்கு விதியை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது. சாதாரண உபயோகத்துக்கான சில்லுகளைச் சீனா வெளியே விட்டது. நவம்பர் 19-ல் டச்சு அரசும் தன் உத்தரவை நிறுத்தி வைத்தது. ஆனாலும் தலைமையகத்துக்கும் டொங்குவானுக்கும் இடையே பேச்சுவார்த்தை உடனே சீராகவில்லை.

நமது மெக்கானிக் இப்போது சில ஐ.சி.க்களைப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருக்கிறார். நமது தராசுக்குப் பொருந்துவதாக இரண்டை முன்பணம் கொடுத்துத் தனியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.