புராஜெக்ட் தலைப்பு ரெடி... ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிவிட்டீர்களா?

1928-ம் ஆண்டு. ஜெர்மனியின் புகழ்பெற்ற இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்திருந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே தேடிப்போய்ச் சந்தித்தார். சோமர்ஃபெல்டு அணுவியல் பற்றி எழுதிய புத்தகத்தை அந்த மாணவர் கரைத்துக் குடித்திருந்தார். ஆனால், அந்தப் புத்தகம் வெளிவந்த பிறகு இயற்பியலே மாறிப்போய்விட்டது என்று சொல்லிவிட்டார் பெரியவர். அதோடு, இன்னும் வெளிவராத தன் கட்டுரை ஒன்றின் புரூஃப் தாள்களையும் கையில் கொடுத்தனுப்பினார்.

அந்த மாணவர், சுப்பிரமணியன் சந்திரசேகர். புத்தகத்தோடு நின்றுவிடாமல் ஆய்வு இதழ்களைப் புரட்டத் தொடங்கினார். 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவருடைய கட்டுரையே அச்சேறியது. வெண்குறு விண்மீன்கள் பற்றி ரால்ஃப் ஃபவுலர் 1926-ல் எழுதியிருந்த கட்டுரையும் அவர் கண்ணில் பட்டது. 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, அந்தக் கட்டுரையை ஒட்டித்தான் கணக்குப் போட்டார். இன்று ‘சந்திரசேகர் எல்லை’ என்று உலகம் சொல்வது அதைத்தான். 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாடப்புத்தகம் அடித்தளம். ஆனால், அது அச்சாகும்போதே சில வருடங்கள் பழையதாகியிருக்கும். நேற்று வரை நடந்தது என்ன என்பது ஆய்வு இதழ்களில்தான் இருக்கும். இன்ஜினீயரிங் கடைசி வருட புராஜெக்ட் செய்பவருக்கும், இயற்பியலில் பிஹெச்.டி. சேர்ந்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

தேடாமல் விட்டால் என்ன ஆகும்?

செல்போன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என எல்லாவற்றிலும் பயன்படும் ஒரு கணக்கு முறை ‘ஃபாஸ்ட் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம்’. கூலி, டியூக்கி என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1965-ல் இதை வெளியிட்டார்கள். அதே வழியை கணித மேதை காஸ் 1805 வாக்கிலேயே எழுதி வைத்திருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. அவர் எழுதியது லத்தீனில். அச்சானதோ அவர் மறைவுக்குப் பிறகு, தொகுப்பு நூல் ஒன்றின் உள்ளே. தேடினாலும் கிடைக்காத இடத்தில் கிடந்தது. அவர்களுக்காவது அந்தக் காரணம் உண்டு. இன்று ஆறு மாதம் உழைத்து ஒரு புராஜெக்டை முடித்த பிறகு, ‘இதை ஏற்கெனவே செய்துவிட்டார்களே’ என்று வைவாவில் கேட்டால், சொல்வதற்குக் காரணம் இருக்காது.

சாதாரணத் தேடல் போதாதா?

தொடக்கத்துக்குப் போதும். ஆனால், பொதுவான தேடுபொறி விளம்பரம், வலைப்பதிவு, செய்தி எல்லாவற்றையும் கலந்து கொட்டும். நூலகத் தரவுத்தளம் அப்படியல்ல. இயற்பியலுக்கும் மின்பொறியியலுக்கும் பெயர்பெற்றது ‘இன்ஸ்பெக்’. 1898-ல் லண்டனில் ‘சயின்ஸ் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்ற அச்சு இதழாகத் தொடங்கி, பிறகு கணினிக்கு மாறியது. இன்று அதில் 2 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. இதழ் பெயர், ஆண்டு, எழுதியவர், சுருக்கம் ஆகியவற்றோடு, கட்டுரை எதைப் பற்றியது என்பதற்கான பொருள் சொற்களும் ஒவ்வொரு பதிவிலும் இருக்கும். வசதியே அந்தப் பொருள் சொற்களில்தான். ‘ஐட்ரிபிள்ஈ எக்ஸ்புளோர்’, ‘ஸ்கோபஸ்’, ‘வெப் ஆஃப் சயின்ஸ்’ ஆகியவையும் கல்லூரி நூலகங்களில் பரவலாகப் பயன்படுபவை.

தூசிக்கு இன்னொரு பெயர்

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். விருதுநகர்ப் பக்கம் இ.இ.இ. கடைசி வருடம். சோலார் பேனலில் தூசி படிந்தால் எவ்வளவு மின்சாரம் குறையும் என்பது அவர் எடுத்த தலைப்பு. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தையே வைத்திருக்கும் பகுதிக்குப் பொருத்தமான தலைப்புதான்.

‘டஸ்ட்’, ‘சோலார்’ என்று இரண்டு சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் அடித்தால், விண்வெளித் தூசியும் சூரியக் குடும்பமும் பற்றிய வானியல் கட்டுரைகள் வந்து குவியும். அவருக்கு வேண்டியதோ மொட்டைமாடித் தூசி.

இங்கேதான் துறைச்சொல் கைகொடுக்கும். பேனலில் அழுக்குப் படிவதை இந்தத் துறையில் ‘சாய்லிங்’ என்பார்கள். பேனலை ‘ஃபோட்டோவோல்டாயிக் மாட்யூல்’ என்றே பெரும்பாலும் எழுதுவார்கள். இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொருத்தமான ஒரே ஒரு கட்டுரை கிடைத்ததும், அதன் பதிவில் உள்ள பொருள் சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை வைத்து மறுபடி தேடினால் போதும். இரண்டாவது தேடலில் வருவது அநேகமாக எல்லாமே வேண்டியதாக இருக்கும்.

தேடலுக்கு ஐந்து கருவிகள்

• அண்ட், ஆர், நாட்: இரண்டு சொல்லும் இருக்க வேண்டுமென்றால் ‘அண்ட்’. ஒரே பொருளுள்ள சொற்களை ‘ஆர்’ போட்டு அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். ‘டஸ்ட் ஆர் சாய்லிங்’ ஓர் அடைப்புக்குள், ‘சோலார் பேனல் ஆர் ஃபோட்டோவோல்டாயிக்’ இன்னோர் அடைப்புக்குள், நடுவில் ‘அண்ட்’. ‘நாட்’ போடும்போது மட்டும் கவனம் தேவை. வேண்டாத சொல் ஓரிடத்தில் வந்துவிட்டது என்பதற்காக நல்ல கட்டுரையும் சேர்ந்து காணாமல் போகும்.

• மேற்கோள் குறி: சொற்கள் அதே வரிசையில் சேர்ந்தே வரவேண்டுமென்றால், அவற்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடிக்கவும்.

• நட்சத்திரக் குறி: சொல்லின் அடிப்பகுதியை மட்டும் அடித்து நட்சத்திரக் குறி போட்டால், அதிலிருந்து பிறக்கும் சொற்கள் எல்லாம் வரும். ரொம்பச் சுருக்கினால் சம்பந்தமில்லாதவையும் வரும்.

• எழுத்துக்கூட்டல்: அலுமினியம், ஃபைபர், சல்ஃபர் போன்ற சொற்களை பிரிட்டனில் ஒருவிதமாகவும் அமெரிக்காவில் வேறுவிதமாகவும் எழுதுவார்கள். இரண்டையும் ‘ஆர்’ போட்டுச் சேர்க்காவிட்டால் பாதிக் கட்டுரைகள் விடுபடலாம்.

• வடிகட்டி: ஆண்டு, மொழி, இதழா மாநாட்டுக் கட்டுரையா என்று பிரிக்கலாம். தலைப்பு புதிதென்றால் முதலில் ‘ரிவ்யூ’ வகைக் கட்டுரையைத் தேடவும். பல கட்டுரைகளை அலசி ஒரே இடத்தில் தந்திருப்பார்கள்.

ஒன்று கிடைத்தால் பத்து

நல்ல கட்டுரை கிடைத்ததும், கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பார்த்தால் முன்னால் நடந்த ஆய்வுகள் தெரியும். ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்ற பகுதியைச் சொடுக்கினால் பின்னால் நடந்தவை தெரியும். மேற்கோள் வழியே அறிவியலைத் தேடும் இந்த யோசனையை 1960-களில் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. 2012-ல் ஒரு கட்டுரை சொன்னதை 2020-ல் இன்னொன்று மறுத்திருக்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பதும் இந்த வழிதான்.

பணம் கேட்கிறதே!

சுருக்கம் இலவசம், முழுக் கட்டுரைக்குக் கட்டணம் என்று திரை வந்து நிற்கும். பல இதழ்களில் ஒரே ஒரு கட்டுரைக்கு 30 டாலருக்கு மேல் கேட்பார்கள். அப்பாவின் கிரெடிட் கார்டைத் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை உண்டு.

முதலில் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிடுவது நோக்கம். காந்திநகரில் உள்ள ‘இன்ஃப்ளிப்நெட்’ மையம் இதை ஒருங்கிணைக்கிறது. படிப்பது அரசுக் கல்லூரி என்றால், அங்கே இந்த வசதி இருக்கிறதா என்று நூலகரிடம் விசாரிக்கலாம். தனியார் கல்லூரி என்றால், அது எந்தெந்தத் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

அடுத்து, ‘ஆர்க்கைவ்’ தளம். பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் 1991-ல் தொடங்கியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இலவசமாகப் படிக்கலாம். இதழில் வருவதற்கு முந்தைய வடிவம் என்பதால், வல்லுநர்கள் சரிபார்த்தார்களா என்று கவனித்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஹெச்.டி. ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’ இருக்கிறது. எதிலும் கிடைக்காவிட்டால், கட்டுரை எழுதியவருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். தங்கள் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்றால் மகிழ்ந்து அனுப்பிவைப்பவர்கள் பலர்.

நூலகரைக் கேட்கலாம்!

நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவருடைய நான்காவது விதியின் சாரம். இன்றும் நூலகர் மேசைக்கு எதிரே போய் நின்று, ‘இந்தத் தலைப்பில் தேட வேண்டும், எந்தத் தரவுத்தளத்தில் ஆரம்பிக்கட்டும்?’ என்று கேட்டால், அரை மணி நேரத்தில் வழி தெரிந்துவிடும். தயங்கிக்கொண்டு தனியாகத் தேடினால் அதற்கே ஒரு வாரம் போகும்.

தேடிய சொற்களையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கவும். கிடைத்த கட்டுரைகளின் ‘டி.ஓ.ஐ.’ எண்ணையும் குறித்துக்கொள்ளவும். ஆதார் எண்போல ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய தனி எண் அது. இணைய முகவரி மாறினாலும் அந்த எண்ணை வைத்துக் கட்டுரையைப் பிடித்துவிடலாம்.

விருதுநகர் மாணவி இதையெல்லாம் முடிக்க இரண்டு வாரம் ஆகலாம். அதன் முடிவில், ‘தூசி படிந்தால் மின்சாரம் குறையும்’ என்பது பலர் அளந்து முடித்த விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பட்டாசு ஆலைகளும் கரிசல் காடும் உள்ள தன் ஊர்த் தூசியை யாராவது அளந்திருக்கிறார்களா என்று அடுத்த கேள்வியைக் கேட்பார். அவருடைய புராஜெக்ட் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும்.