ஹெரால்டா, 2000-ஆ? பெருங்களத்தூர்ல பிறந்த ரெண்டு கார்கள்

தாம்பரத்துல ட்ரெயின் ஏறி செங்கல்பட்டு பக்கம் போறவங்க தினமும் பெருங்களத்தூரைத் தாண்டுறீங்க. ஐடி வளாகமும் அடுக்குமாடிகளும்தான் கண்ணுல படும். ஆனா 1948-இல் தொடங்கின ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி இந்தப் பக்கம்தான் கார் செஞ்சுது. பழைய கார் வாங்கிச் சேர்க்கிற ஆசை இருந்தா, இந்த ஊர்க்காரங்க முதல்ல பார்க்க வேண்டியது அதோட ரெண்டு மாடல்கள்: ஹெரால்டும், ஸ்டாண்டர்ட் 2000-உம்.

ஹெரால்ட் இங்கே 1961-இல் வந்தது. இத்தாலிய டிசைனர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு, 948 சிசி இன்ஜின். முன்பக்க மட்கார்டோடு சேர்த்து பானெட் மொத்தமும் முன்னாடி கவிழும். இன்ஜின் பக்கத்துல டயர் மேல உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். குறை, பின்னாடி இருக்கிற ஸ்விங் ஆக்ஸில். வேகமா வளைவுல திரும்பினா வண்டியோட பின்பக்கம் எழும்பும், சக்கரம் உள்பக்கமா மடங்கும், பிடி போயிடும். 1972-இல் வந்த கெசல்ல அதை எடுத்துட்டு ஒரே தண்டா ஆக்ஸில் வச்சாங்க.

ஸ்டாண்டர்ட் 2000 (1985–88) வேற கதை. அது பிரிட்டனோட ரோவர் எஸ்டி1. அங்கே 1976-இல் அது வந்தப்போ உள்ளே இருந்தது, அமெரிக்க ப்யூக் கம்பெனியில் பிறந்த 3.5 லிட்டர் வி8, 155 குதிரைத்திறன். இங்கே அதே உடம்புக்குள்ள வச்சது, பழைய வான்கார்ட் வம்சத்து 1991 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின். சுமார் 83 குதிரைத்திறன்தான். பார்க்க ஃபெராரி சாயல், ஓட்டினா அந்த வேகம் இல்லை. 1988-இல் உற்பத்தி நின்னுது.

அப்போ எதை வாங்குறது? மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, துரு. ஹெரால்டுக்கு தனி சேஸிஸ். உடம்பு அதன் மேல போல்ட் போட்டு நிக்குது. பகுதி பகுதியா கழட்டிச் சரி பண்ணலாம். 2000-க்கு உடம்பே சேஸிஸ். துரு பிடிச்சா வண்டியோட பலமே போகும். வெல்டிங் செலவு ஏறும்.

ரெண்டு, பார்ட்ஸ். ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு பிரிட்டன்ல இன்னும் புதுசா பார்ட்ஸ் செய்றாங்க. 2000-இன் கண்ணாடி, கதவு எஸ்டி1-க்குத் தேடினா கிடைக்கலாம். ஆனா இன்ஜின் அந்தக் காரோடது இல்லையே. புதுப்பேட்டையில அலைய நேரமும் பொறுமையும் வேணும்.

மூணு, சட்டம். 2021 விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் ‘விண்டேஜ்’. ஹெரால்டுக்கு அந்தத் தகுதி வந்தாச்சு. 2000-க்கு 2035 வரை காத்திருக்கணும். அதுவரை சாதாரண பழைய கார் மாதிரி அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும். ஒண்ணு கவனிங்க: விண்டேஜ் பதிவு வாங்கினா தினமும் காலேஜுக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல், சர்வீஸ் மாதிரி வேலைகளுக்கு மட்டும்தான்.

முதல் கார்னா என் ஓட்டு ஹெரால்டுக்கு. ஆனா 2000 கிடைச்சா, வேற இன்ஜின் மாத்திடாதீங்க. 2035-இல் அது அதே இன்ஜினோட இருந்தாதான் விண்டேஜ். அதுக்குள்ள எத்தனை வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகுமோ! உங்க தெருவுல கவர் போட்டு ஒண்ணு நின்னா, சொந்தக்காரர்கிட்ட போய் ஒரு வார்த்தை பேசிப் பாருங்க.