அணையாத அடுப்பும் 12 படுக்கையும்

வடலூரில் ஓர் அடுப்பு இருக்கிறது. 1867-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி அதில் தீ மூட்டினார்கள். அந்தத் தீ இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது!

மூட்டியவர் இராமலிங்க அடிகளார். வள்ளலார் என்று சொன்னால் குழந்தைக்கும் தெரியும். பசி என்று வருகிறவனிடம் என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்கக்கூடாது. உட்கார வைத்து இலை போட வேண்டும். சத்திய தருமச்சாலையின் சட்டம் இதுதான். சாலைக்கு நிலம் வேண்டுமே? பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலத்தை மனம் உவந்து எழுதிக் கொடுத்தார்கள்.

தர்மம் என்றால் நம் நினைவுக்கு முதலில் வருவது சோறுதான். அதற்கு அடுத்தது தண்ணீர்ப்பந்தல், சத்திரம். ஆனால் பசி ஒன்றுதானா துன்பம்? சோறு போட்டால் தீராத துன்பங்களும் உண்டு.

வாசலில் 3 பெண்கள்

1930-ம் ஆண்டு. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டு வாசலில் 3 இளம்பெண்கள் வந்து நின்றார்கள். கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் குலத்தில் பிறந்தவர்கள். அந்த வாழ்க்கை வேண்டாம், படிக்க வேண்டும் என்று ஓடி வந்தவர்கள்.

அந்த அம்மையாரிடம் அவர்கள் வந்ததற்குக் காரணம் உண்டு. 1927-ல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் இருந்தவர் அவர். பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அங்கே வாதாடியவர். அவருடைய தாயாரே அந்தக் குலத்தில் பிறந்தவர். ஆகவே அது அவருக்கு ஏட்டில் படித்த துன்பம் அல்ல.

பெண்களை விடுதியில் சேர்க்க முயன்றார். அவர்கள் பிறந்த குலத்தைக் கேட்டதும் விடுதிகள் கதவைச் சாத்திவிட்டன!

சட்டம் வரும் வரையில் அந்த 3 பேரும் எங்கே போவார்கள்? அம்மையார் தாமே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். பின்னால் அது அடையாற்றுக்குப் போயிற்று. அநாதைப் பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள் என்று பலரும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடமும் வந்தது. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது. 17 வருஷம்! சட்டத்துக்குக் காத்திருந்தால் அந்தப் பெண்கள் கதி என்னவாகியிருக்கும்?

தங்கைக்கு வந்த நோய்

அம்மையாரின் மனத்தில் இன்னொரு புண் இருந்தது. அவருடைய தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்து போனார். முதலில் அது சீதபேதி என்றே நினைத்து மருந்து கொடுத்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காளோ டாக்டர்! வீட்டிலேயே டாக்டர் இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

அன்று முதல் அவருக்கு ஒரே எண்ணம். இந்த நோய்க்கென்று தனியாக ஓர் ஆஸ்பத்திரி வேண்டும். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதை மேடையிலேயே சொன்னார். புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் அதிகாரத்தில் இருந்தவர்களும் உண்டு.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் ஒரு நிதி தொடங்கினார். 1952-ல் நேரு அஸ்திவாரக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் மாதம் அடையாற்றில் ஆஸ்பத்திரி திறந்தது. மொத்தம் 12 படுக்கை! தங்கை இறந்து 31 வருஷம் ஆகியிருந்தது.

200 ரூபாய்

கட்டடம் மட்டும் இருந்தால் போதுமா? வேலை செய்ய ஆள் வேண்டுமே! அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பு ஏற்றார். 1955-ல் டாக்டர் சாந்தா என்ற இளம்பெண் வந்து சேர்ந்தார். அரசாங்க வேலை கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு வந்தார். முதல் 3 வருஷம் சம்பளமே கிடையாது. பிறகு மாதம் 200 ரூபாயும், ஆஸ்பத்திரிக்குள்ளேயே தங்க இடமும் கொடுத்தார்கள்.

அந்த இடத்தை விட்டு அவர் போகவே இல்லை. மகசேசே விருது வந்தது. பத்ம விபூஷண் வந்தது. 2021-ல் 93-வது வயதில் கண்ணை மூடும் வரை அங்கேயே இருந்தார். பணம் இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ, குறைந்த கட்டணத்திலோ வைத்தியம் செய்வது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம்.

நன்கொடை கொடுத்தவர் பெயரைச் சுவரில் பொறிக்கிறோம். வாங்காமல் விட்ட சம்பளமும் நன்கொடைதான். அதை எந்தச் சுவரில் பொறிப்பது?

வளைந்த விரல்கள்

இனி மதுரைக்குப் போவோம்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். இளவயதில் மூட்டுவாதம் தாக்கிப் படுத்த படுக்கையானார். எழுந்தபோது விரல்கள் வளைந்து போயிருந்தன. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார். கண் டாக்டர் ஆனார்! 1,00,000-க்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்களை அந்தக் கைகள் செய்தன.

58 வயதில் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மற்றவர்கள் திண்ணையில் உட்காரும் வயது. அவரோ 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் துணை நின்றார். பணத்துக்காக வீட்டு நகைகள் அடகுக்குப் போயின.

இங்கே வழி வேறு. நன்கொடைக்குக் கை நீட்டுவதில்லை என்று முடிவு செய்தார்கள். வசதி உள்ளவர் கட்டணம் கொடுப்பார். அந்தப் பணத்தில் ஏழைக்கு இலவசம். ஒரு மேசையில் ஆபரேஷன் முடியும்போதே அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். டாக்டரின் நேரம் வீணாகாது. செலவு குறையும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து அதிக விலையில் வந்துகொண்டிருந்தது. 1992-ல் மதுரையிலேயே ஆலை வைத்து, விலையைப் பல மடங்கு குறைத்துவிட்டார்கள்! கடை போல் கணக்குப் பார்த்து நடத்துவதை தர்மம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் சொல்வேன்.

ஆனால் ஒரு விஷயம் அவர்களுக்கே பிறகுதான் புரிந்தது. ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் கிராமத்துக் கிழவர்கள் பலர் வரவில்லை. ஏன்? பஸ் கட்டணம் யார் கொடுப்பது? கண் தெரியாதவரைக் கூட்டி வருகிறவருக்கு அன்றைய கூலி போகுமே! வந்த இடத்தில் சாப்பாடு?

ஆகவே ஊருக்கே போய்க் கண்ணைப் பரிசோதித்தார்கள். ஆபரேஷன் தேவைப்படுவோரை பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். சோறு போட்டார்கள், படுக்கப் பாய் கொடுத்தார்கள். முடிந்ததும் ஊரிலேயே கொண்டுபோய் விட்டார்கள். போகும்போது பேரன் கையைப் பிடித்து பஸ் ஏறிய பாட்டி, திரும்பும்போது படியைப் பார்த்துத் தானே இறங்கினாள்.