துடிக்காமல் சுழலும் பம்பி

2016 டிசம்பர் 4ஆம் திகதி மாலை, தமிழக முதலமைச்சர் ஜெயலலிதாவின் இதயம் திடீரென நின்றுபோனது. சென்னை அப்போலோ வைத்தியசாலையில் அவருக்கு 'எக்மோ' பொருத்தப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தபோது, அந்தச் சொல்லை நம் வீடுகளில் பலர் முதன்முறையாகக் கேட்டார்கள். மறுநாள் இரவு அவர் காலமானார். 2020இல் கொரோனாவால் பாதிக்கப்பட்ட பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் எக்மோவில் இருந்தே செப்டெம்பர் 25இல் மறைந்தார். "எக்மோ போட்டால் முடிந்தது" என்ற பேச்சு இப்படித்தான் பரவியது. அது சரியல்ல. வேறு வழியில்லாத நோயாளிக்கே அதைப் பொருத்துகிறார்கள். அது நோயைக் குணப்படுத்துவதில்லை. இதயமோ நுரையீரலோ தேறிவர அவகாசம் தருகிறது, அவ்வளவுதான்.

அந்த அவகாசத்தைத் தருவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு மையநீக்கப் பம்பி. அது சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து வந்தது.

அல்லாஹ் படைத்த இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் குருதியை அனுப்புகிறது. அதைத் திறந்து தைக்க வேண்டுமானால், வேலையை வேறொன்று பொறுப்பேற்க வேண்டும். 1953 மே 6இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு 18 வயது யுவதி ஒருவரின் இதயத்திலிருந்த துவாரத்தை அடைத்தார். அவர் பிழைத்தார்.

அக்காலத்திலிருந்து பெரிதும் பயன்பட்டது உருளைப் பம்பி. ஐஸ் பக்கட்டை அடியிலிருந்து விரல்களால் அழுத்தி மேலே தள்ளுவோமே, அதே முறை. குழாயை உருளைகள் நசுக்கிக்கொண்டே ஓடும். நேரம் நீண்டால் செங்குழியங்கள் சிதையும். வெளிவழி அடைபட்டாலும் அது தள்ளுவதை நிறுத்தாது, குழாய் வெடிக்கலாம். குருதி தீர்ந்தால் காற்றையே தள்ளிவிடும்.

1970களின் நடுப்பகுதியில் பயோ-மெடிக்கஸ் நிறுவனத்தின் மையநீக்கப் பம்பி வந்தது. பிளேன்டீயைக் கரண்டியால் வேகமாகக் கலக்கிப் பாருங்கள்: நடுவில் குழி விழும், தேநீர் ஓரத்தில் ஏறும். பம்பியின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் கூம்புகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல, குருதி நடுவால் உள்ளே வந்து ஓரத்தால் வெளியேறுகிறது. கிணற்றுநீரை மேல்மாடித் தாங்கிக்கு ஏற்றும் மோட்டரின் தத்துவமும் இதுவே. கூம்புகளை வெளியிலிருந்து காந்தமே சுழற்றுகிறது. எதுவும் நசுங்குவதில்லை. வழி அடைபட்டால் அழுத்தம் ஓரளவுக்கு மேல் ஏறாது. அதிகக் காற்று புகுந்தால் அது நடுவில் தேங்க, பம்பி தன் பிடியை இழந்து நின்றுவிடும். சிறு குமிழ்கள் மட்டும் தப்பிப்போகலாம்.

இந்த மென்மைக்கு ஒரு விலையும் உண்டு. வேகத்தைப் பார்த்து ஓட்டத்தைச் சொல்ல முடியாது. நோயாளியின் குருதியமுக்கம் கூடினால், அதே வேகத்திலும் ஓட்டம் குறையும். அதனால் பாய்ச்சல்மானி கட்டாயம். பம்பியின் வேகம் அதிகம் குறைந்தால் தொகுதிப்பெருநாடியிலிருந்து குருதி பின்னோக்கி ஓடும். ஆகவே நிறுத்துமுன் குழாயைக் கவ்வியால் பூட்ட வேண்டும். இயந்திரத்தருகே அமர்ந்திருக்கும் பர்பியூஷனிஸ்ட் கண்ணெடுக்காமல் பார்ப்பது இதைத்தான். சத்திரசிகிச்சை முடிந்ததும் வைத்தியரைத் தேடி நன்றி சொல்கிறோம். இவரை யாரும் தேடுவதில்லை. செலவு காரணமாகச் சாதாரண சத்திரசிகிச்சைகளுக்கு உருளைப் பம்பியே போதும் என்போரும் உண்டு. நாட்கணக்கில் ஓட வேண்டிய எக்மோவிலோ இன்று பெரும்பாலும் மையநீக்கப் பம்பிதான்.

இதே பம்பி இப்போது உடலுக்குள்ளும் போய்விட்டது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ஹார்ட்மேட் 3' இல் சுழலி காந்தப்புலத்தில் மிதக்கிறது; எதையும் தொடுவதில்லை. அதைச் சுமந்து நடமாடும் பலரின் மணிக்கட்டில் நாடி பிடித்தால் துடிப்பு தெரியாது. நாடியைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதிய இப்னு சீனா கண்டிருந்தால் திகைத்திருப்பார். பொறியியலாளரும் அதை முற்றாக விட்டுவிடவில்லை: இரண்டு விநாடிக்கொருமுறை அந்தப் பம்பி தன் வேகத்தைக் குறைத்துக் கூட்டி, குருதி உள்ளே தேங்காதபடி ஒரு சிறு துடிப்பைத் தானாகவே உண்டாக்குகிறது.