துண்டுத் துணியில் குடும்பக் கதை

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை விட்டதும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், பிள்ளைகளின் கையிலிருந்து போனை எப்படி வாங்குவது?" என் பதில்: சேர்ந்து ஒரு போர்வை தையுங்கள்.

வங்காளத்து வீடுகளில் பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைக்கும் போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். 1929இல் கவிஞர் ஜசீமுத்தீன் எழுதிய கதைப்பாடலில், பிரிந்த கணவனின் நினைவுகளை ஒரு பெண் அத்தகைய போர்வையில்தான் தைத்து வைக்கிறாள்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலும் தையற்காரர் பலர் இருந்தனர்; வெட்டுத் துண்டுகளுக்குக் குறைவில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி புலிகள் சொன்னபோது, பழந்துணியை யார் எடுப்பார்? உம்மாவின் கலியாணச் சேலையில் ஒரு சாண்கூட இன்று எங்களிடம் இல்லை.

ஆகவே இருப்பதைக் கொண்டு தொடங்குவோம். பருத்தித் துணிகளை முதலில் துவையுங்கள். இல்லாவிட்டால் பின்னர் சுருங்கித் தையலை இழுக்கும். மட்டையில் 6 அங்குலச் சதுரம் வெட்டி, அதை வைத்துப் பிள்ளை கோடு போடட்டும். பெரியவர் வெட்டலாம். ஓரத்தில் கால் அங்குலம் விட்டு இணையுங்கள். நடுவில் பழைய சேலை, அடியில் பெட்சீட் வைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டுங்கள். நாளுக்கு இரண்டு சதுரம் இணைத்தால், பெருநாளுக்குள் சிறுபிள்ளைக்குப் போதுமான போர்வை தயார்.

ஒவ்வொரு துண்டும் யாருடைய உடுப்பு, எந்தப் பெருநாளுக்கு எடுத்தது என்று சொல்லிக்கொண்டே தையுங்கள். "உங்கட சின்ன வயசுச் சட்டை எது, உம்மா?" என்று என் மகள் கேட்டாள். அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் துண்டொன்றை வைத்தோம். அதைப் பற்றித்தான் அவள் அதிகம் கேட்டாள்.