பிள்ளையின் காருக்கு ஒரு தாங்கி



மீளக்குடியேறிய எங்கள் வீடுகளில் சாமான்கள் இருக்கும். ஆனால் சாமான்களுக்கு என்று ஓர் இடம் இருக்காது. உடுப்பு உரப்பையிலும், பத்திரங்கள் பொலித்தீன் உறையிலும், பிள்ளைகளின் கொப்பி புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழேயும் கிடக்கும். எந்த நேரமும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டி வரலாம் என்று வாழ்ந்த பழக்கம் எங்களை விட்டு லேசில் போவதில்லை.

2009 இல் கணவரை இழந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் போனபோது என்னிடம் இருந்தவை ஒரு வயதுக் குழந்தையும் ஒரு பையும்தான். 2010 இல் கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள எங்கள் காணிக்குத் திரும்பினோம். தறப்பாள் கொட்டில் போய்ச் சீமெந்து வீடு வந்தது. ஆனாலும் பல வருடங்களாக அந்த வீட்டுச் சுவர் ஓரத்தில் ஒரு தட்டுக்கூட இருக்கவில்லை. என் கையால் நான் முதலில் செய்த தட்டு, சமையல் பாத்திரத்துக்கோ சாமிப் படத்துக்கோ அல்ல. மகனின் றிமோட் கார்களுக்கு. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கார் வந்த கதை

2022 இல் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாங்கள் வரிசையில் நின்ற காலத்தில், கனடாவில் உள்ள என் தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். பால்மா, மருந்து, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் அடியில் அவன் பாவித்த இரண்டு றிமோட் கார்கள் இருந்தன. மகனுக்கு அப்போது 14 வயது.

றிமோட் கார் என்றதும் திருவிழாக் கடைகளில் தொங்கும் பிளாஸ்ரிக் பொம்மையை நினைக்க வேண்டாம். இவை உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டவை. 4 மீற்றர் நீளமான கார் 40 சென்ரிமீற்றராகச் சுருங்கி இருக்கும். உள்ளே மோட்டார், பற்சக்கரங்கள், அதிர்ச்சி தாங்கும் சுருள்வில்கள் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டலாம். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில் உள்ள டமியா நிறுவனம் 1976 இல் போர்ஷ் 934 என்ற காரின் சிறிய வடிவத்தை வானொலி அலையில் ஓடும்படி செய்து விற்றது. அந்த நிறுவனத்தின் முதல் றிமோட் கார் அதுதான். அதன் பின்னர் பல நாடுகளில் பெரியவர்களே இதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள்.

மகன் பாயை விரித்து, ஒரு காரைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி, இரண்டு நாளில் திரும்பப் பூட்டினான். அதிகம் கதைக்காத பிள்ளை அவன். அந்த இரண்டு நாளும் பற்சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தான்.

தொலைபேசியில் தம்பி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான். “அக்கா, ஓடாத நேரத்திலை ரயரிலை நிக்க விடாதேங்கோ. வயிற்றிலை தாங்கி வையுங்கோ.”

காரணம் இதுதான். இந்தக் கார்களின் ரயருக்குள் பெரும்பாலும் காற்று இல்லை, ஸ்பொஞ்சுதான் இருக்கிறது. மாதக்கணக்காக ஒரே இடத்தில் பாரம் அழுத்தினால் ரயர் அந்த இடத்தில் தட்டையாகிவிடும். பிறகு ஓடும்போது கார் துள்ளும்.  கடதாசிப் பெட்டியில் வைக்கலாம் என்றால், எங்கள் ஊரில் கறையானும் எலியும் விடாது. ரயரும் வயரும் போனால் இங்கே வாங்க முடியாது. எனவே காரின் அடித்தட்டைத் தாங்கி, நான்கு சில்லும் அந்தரத்தில் தொங்கும்படி ஒரு தாங்கி வேண்டும்.

பக்கத்து வீட்டு மாமி கேட்டா: “பிள்ளை, கறிக்கே காசில்லை. விளையாட்டுக் காருக்குத் தாங்கியோ?” நான் சொன்னேன்: “மாமி, இது கடையிலை வாங்கிறேல்லை. மிஞ்சின குழாயிலை செய்யப்போறன்.”

அளவெடுத்தல்

எந்தத் தாங்கிக்கும் முதல் வேலை அளவெடுப்பதுதான். எங்கள் கார்களின் அளவுகள் இவை: நீளம் 40 சென்ரிமீற்றர், கூடிய அகலம் 25, முன் ரயருக்கும் பின் ரயருக்கும் இடையில் உள்ள வெளி 19. இந்த மூன்றாவது அளவுதான் முக்கியமானது. அந்த 19 சென்ரிமீற்றருக்குள் இரண்டு குறுக்குக் குழாய்கள் வந்தால், கார் அவற்றின் மேல் வயிறு வைத்துப் படுக்கும். சில்லுகள் முன்னும் பின்னும் தொங்கும். ஒரு காரின் பாரம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான். எனவே தண்ணீர்க் குழாய் தாராளமாகத் தாங்கும்.

தேவையானவை

வீடு கட்டி முடித்தவர்களிடம் மிஞ்சிய அரை அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகள் மொத்தம் ஐந்தேகால் மீற்றர், ‘ரீ’ 12, ‘எல்போ’ 4, குழாய்ப் பசை சிறிய ரின் ஒன்று, 35 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பலகை ஒன்று, சிறிய திருகாணிகள், தேய்ந்த இறப்பர்ச் செருப்பு ஒரு சோடி. ஆயுதம் என்றால் இரும்பு வாள், அளவு நாடா, சாண்ட்பேப்பர், திருகாணி பூட்டும் ஆயுதம் ஆகியவை போதும். ட்றில் மெசினை ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் வாங்கினால் நல்லது.

செய்முறை

கால்களுக்கு 22 சென்ரிமீற்றர் துண்டுகள் 12 வெட்டிக்கொள்ளுங்கள். குறுக்குக் குழாய்களுக்கு 30 சென்ரிமீற்றர் துண்டுகள் 6 வேண்டும். கார் 25 சென்ரிமீற்றர் அகலம் என்பதால் இரண்டு பக்கமும் கை போக இடம் கிடைக்கும். வெட்டிய ஓரங்களைச் சாண்ட்பேப்பரால் தேய்த்துவிடுங்கள்.

அடிப்பாதம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொன்றும் முன்னுக்குப் பின் 40 சென்ரிமீற்றர் நீளம் வர வேண்டும். அதன் நடுப்பகுதியில் இரண்டு ‘ரீ’ பூட்டி, அவற்றின் மையத்துக்கு மையம் 14 சென்ரிமீற்றர் இருக்கும்படி இடைத்துண்டை வெட்டுங்கள். பாதம் குட்டையாக இருந்தால் தாங்கி கவிழும்.

அந்த ‘ரீ’க்களில் இருந்து கால்கள் மேலே எழும். ஒவ்வொரு 22 சென்ரிமீற்றருக்கும் ஒரு ‘ரீ’ பூட்டி, இடப்பக்கக் காலையும் வலப்பக்கக் காலையும் குறுக்குக் குழாயால் இணைக்க வேண்டும். இப்படி இரண்டு தட்டுகள் வரும். உச்சியில் ‘ரீ’க்குப் பதிலாக ‘எல்போ’ வரும். உச்சிக் குறுக்குக் குழாய்கள் இரண்டின் மேலும் பலகையை வைத்துத் திருகாணி பூட்டினால், முன் கால்களும் பின் கால்களும் ஆடாமல் ஒன்றாகிவிடும். அந்தப் பலகையில் றிமோட்டையும் ஆயுதங்களையும் வைக்கலாம்.

பசை பூசுமுன் முழுவதையும் ஒருமுறை பசையில்லாமல் பூட்டிப் பார்த்து, நேராக இருக்கிறதா என்று கவனித்து, பென்சிலால் அடையாளம் போடுங்கள். குழாய்ப் பசை சில நொடிகளில் பிடித்துவிடும். பிறகு கழற்ற வராது. அந்தப் பசை தீப்பற்றக்கூடியது. மணமும் தலைச்சுற்றைத் தரும். அடுப்படியில் வைத்துச் செய்யாமல் முற்றத்தில், பிள்ளைகளைத் தூர விட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, கார் படுக்கும் இடங்களில் செருப்புத் துண்டுகளை வெட்டிக் கட்டினால் வழுக்காது. அடித்தட்டிலும் கீறல் விழாது. பாதங்களின் நுனிக்கும் சிறு துண்டு ஒட்டலாம்.

ஒரே ஒரு கார் உள்ளவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. 10 சென்ரிமீற்றர் அகலம், 15 நீளம், 10 உயரம் கொண்ட ஒரு மரக்கட்டையின் மேல் இறப்பர் ஒட்டி, கீழே அகலமான பலகை அடித்தால் போதும்.

வைக்கும்போது கவனிக்க வேண்டியவை

காரை ஓட்டி முடித்ததும் மண்ணைத் துடைத்து, ஈரம் காயவிட்டுத்தான் தாங்கியில் ஏற்ற வேண்டும். யன்னல் வெயில் படும் இடம் கூடாது. இறப்பரும் நிறமும் வெளிறிப் போகும். பழைய சேலைத் துண்டால் மூடினால் தூசி பிடிக்காது.

பற்றரியைக் காருக்குள் விட்டு வைக்கக் கூடாது. றிமோட்டில் உள்ள சிறிய பற்றரிகளையும் கழற்றிவிடுங்கள். அவை கசிந்தால் உள்ளே துருப்பிடிக்கும். எங்களிடம் இருப்பவை 7.2 வோல்ற் உள்ள பழைய வகை நிக்கல் பற்றரிகள். இப்போது வரும் பல கார்களில் லிப்போ எனப்படும் லிதியம் பற்றரி இருக்கிறது. அது சக்தி கூடியது, ஆபத்தும் கூடியது. அதற்குரிய சார்ஜரில் மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் பண்ண வேண்டும். நீண்ட நாட்கள் வைப்பதானால் முழுச் சார்ஜிலும் வெறுமையிலும் வைக்காமல் அரைவாசியில் வைப்பார்கள். துணி, கடதாசி பக்கத்தில் இல்லாமல் மண்சட்டி போன்ற எரியாத பாத்திரத்தில் வைப்பது நல்லது. ஊதிய பற்றரியைத் திரும்பப் பாவிக்கவே கூடாது.

கைக்கு வந்த தொழில்

தாங்கியைப் பார்த்த மாமிதான் முதலில் கேட்டா: “இதிலை செருப்பு வைக்கேலாதோ?” தட்டுகளின் மேல் பலகை போட்டால் அது செருப்புத் தாங்கி. சிறிது அகலமாக்கினால் புத்தகத் தட்டு. முற்றத்தில் வைத்தால் பூச்சாடித் தாங்கி. அளவு மட்டும்தான் மாறும். வெட்டும் முறை ஒன்றுதான். மாமிக்கு ஒன்று செய்தேன். பிறகு பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மார் கேட்டார்கள். மகன் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப, யாழ்ப்பாணத்தில் றிமோட் கார்கள் சேர்த்து வைத்திருக்கும் ஓர் இளைஞர் ஆறு கார்களுக்குச் செய்து தரச் சொன்னார்.

விலை சொல்லும் இடத்தில்தான் எங்களில் பலர் தோற்றுப் போகிறோம். ஒரு கடைக்காரர் என் தாங்கிகளை மொத்தமாக எடுக்க வந்து, “பொம்பிளையள் வீட்டிலை இருந்து செய்யிறதுதானே” என்று பாதி விலைக்குக் கேட்டார். நான் கொப்பியைக் காட்டினேன். குழாய், பசை, வாள் அலகு, பஸ் காசு, பிறகு என் மணித்தியாலங்கள். அந்த மணித்தியாலங்களுக்கு ஆண் தொழிலாளியின் நாட்கூலியைத்தான் போட்டிருந்தேன். ஒரே வேலைக்குப் பெண்ணின் கூலி குறைவாக இருப்பதை வயலிலும் கட்டட வேலையிலும் கண்டவள் நான். என் சொந்தக் கொப்பியிலும் அதை நானே எழுத முடியாது. அவர் எடுக்காமல் போனார். நானும் விலையைக் குறைக்கவில்லை. அவை ஒவ்வொன்றாக அயலிலேயே விற்றுப் போயின.

இதில் பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். மகனின் ரியூசன் காசும் மின்சாரக் கட்டணமும் இதில் போகின்றன. அவன் இப்போது உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறான். குழாய்க்கு அளவு குறிப்பவன் அவன். வாள் பிடிப்பவள் நான்.

சகோதரிகளே, பல தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். அதனால் ஒரு பொருளைப் பேணி வைப்பதே வீண் வேலை என்று சில வேளைகளில் தோன்றும். அப்படி அல்ல. பிள்ளை நேசிக்கும் பொருளுக்கு வீட்டில் ஓர் இடம் செய்து கொடுத்தால், இந்த வீடு நிலையானது என்று அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லாமலே விளங்கும். அது காராக இருக்கலாம், புத்தகமாக இருக்கலாம், தகப்பனின் ஒரு படமாக இருக்கலாம். மிஞ்சிய குழாயும் ஓர் இரும்பு வாளும் கிடைத்தால் அளவெடுக்கத் தொடங்குங்கள். உங்கள் கைக்கு அது வரும்.